லார்க்கினில் நாம் விட்டுவந்த இடம்

வார இறுதியில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் தொலைக்காட்சியில் காற்பந்து ஓடிக்கொண்டிருக்கும். லிவர்பூல், இல்லாவிட்டால் மென்செஸ்டர் யுனைடெட், இப்போது சிறுசுகளுக்கு ஆர்சனல். ஆன்ஃபீல்டில் எந்தத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு முட்டியில் அடி, எத்தனை வாரம் ஓய்வு என்று பத்து வயதுப் பையன் ஒப்பிக்கிறான். அவன் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இஸ்கந்தர் புத்ரி. அங்கே 40,000 பேர் உட்காரக்கூடிய சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தில் நம் ஜொகூர் டாருல் தாசிம் குழு, ஜேடிதி, ஆடுகிறது. வலது ஓரத்தில் ஆரிஃப் ஐமான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது எழுகிற சத்தத்தை அந்தப் பையன் ஒருநாளும் நேரில் கேட்டதில்லை. அவன் அப்பா கூட்டிப்போனதில்லை. எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம். ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்கள் மறுபடி அரங்கத்துக்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களை பிடுங்கினார். இப்போது தெப்ராவ் பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஐம்பது வயதுப் பெண்ணுக்குப் பந்து விளையாட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இதைக் கொடுத்தவர் அப்பா. அண்ணன்மாரை லோரியில் ஏற்றும்போது என்னையும் தூக்கி ஏற்றினார், அவ்வளவுதான்.

லோரி எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் 1964ல் கட்டிய அரங்கம். மந்திரி புசாராக இருந்த டான் ஸ்ரீ ஹசான் யூனோஸ் பெயர் அதற்கு உண்டு என்றாலும், எல்லார் வாயிலும் லார்க்கின்தான். சம்பள வாரத்தில் ஆட்டம் வந்தால் தோட்டத்து லோரி நிறைந்துவிடும். பலகை போட்டு நெருக்கி உட்கார்ந்து போவோம். வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர் தமிழர். பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையை நிரப்பி, தோட்டத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தால் இன்னும் ஒரு கை கூடப் போடுவார். உள்ளே சிமெண்ட் படிகள். பக்கத்தில் மலாய்க்காரக் குடும்பம், பின்னால் மூவார் ரோட்டுச் சீனக் கடைக்காரர்கள், எங்களுக்கு முன்னால் வேறு தோட்டத்து ஆட்கள். கோல் விழுந்தால் யார் தோளை யார் பிடித்துக் குதிக்கிறோம் என்று பார்க்க மாட்டோம். வேலைத்தளத்தில் கங்காணியிடம் தலைகுனிந்து நிற்கிற அப்பா, அங்கே நடுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவார். என் சிறுவயதில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டது அந்தப் படிகளில் மட்டும்தான்.

1985ல் ஜொகூர் முதல்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் கோலாலம்பூரை 2-0 என்று தோற்கடித்ததைத் தோட்டத்து மண்டபத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்து வந்த பெரட்டில் பேர் கூப்பிடக் கூப்பிட, "ஜொகூர்!" என்று பதில் சொன்ன ஆட்களை அப்பா வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்திருக்கிறார். 1991 அதைவிடப் பெரியது. மைக்கல் உருகாலோ பயிற்றுநராக இருந்த அந்த ஆண்டில் லீக்கும் நமக்கு, கிண்ணமும் நமக்கு. சிலாங்கூரை 3-1 என்று சாய்த்தோம். எனக்குப் பதினாறு வயது. அந்த நாட்களில் தமிழர்கள் அரங்கத்தில் இருந்தார்களா என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. லோரி லோரியாக இருந்தோம்.

பிறகு ஏன் போவதை நிறுத்தினோம்? வசதி வந்தது, தொலைக்காட்சி வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே ஒரு காயம் இருக்கிறது. 1994, 1995ல் ஆட்டங்களை விலை பேசி விற்ற ஊழல் வெளியே வந்தது. நாடு முழுக்க நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள், சிலர் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். செய்தியைப் படித்த அன்று அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நாம மழையில நனைஞ்சு கத்துனது யாருக்காகம்மா?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் அவர் லார்க்கின் பக்கம் போகவே இல்லை. ஒருநாள் கூலியைச் சீட்டுக்குக் கொடுத்த ஒரு மனிதனுக்கு, தான் பார்த்த ஆட்டங்களில் எது நிஜம், எது நாடகம் என்றே தெரியாமல் போவது சின்ன விஷயமில்லை. அப்பாவின் தலைமுறை விலகியதைச் சோம்பல் என்று சொல்ல என் வாய் வராது.

அதே வேகத்தில் மற்றவையும் நடந்தன. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன. நாங்கள் மசாய், ஸ்கூடாய், உலு திராம் என்று மலிவு விலை வீடுகளுக்குச் சிதறினோம். லோரி நின்றதோடு சேர்ந்து கிளம்புகிற பழக்கமும் நின்றுபோனது. 1996ல் ஆஸ்ட்ரோ வந்தது. இங்கிலாந்து ஆட்டங்கள் வரவேற்பறைக்கே வந்து சேர்ந்தன. வீட்டில் வளர்ந்த பையன்களுக்கு லிவர்பூல் சிவப்பு தெரிந்தது, லார்க்கின் படி தெரியவில்லை.

1997 நவம்பர் 16 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவது யார் என்று ஜப்பானும் ஈரானும் லார்க்கினில் மோதின. ஆயிரக்கணக்கான ஜப்பானியர்கள் நீலச் சட்டையோடு நம் ஊருக்குள் வந்து இறங்கினார்கள். கூடுதல் நேரத்தில் ஒக்கானோ அடித்த கோலால் ஜப்பான் 3-2 என்று வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனது. இன்றைக்கும் அந்த இரவை "ஜொகூர் பாருவின் ஆனந்தம்" என்றே ஜப்பானியர்கள் சொல்கிறார்கள். தோக்கியோவில் இருக்கும் ஒருவர் நம் லார்க்கினை அப்படி நெஞ்சில் வைத்திருக்கிறார். கூப்பிடு தூரத்தில் இருந்த நாம் அதை மறந்துகொண்டிருந்தோம்.

2012ல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். மாநிலத்தின் பலத்தையெல்லாம் ஒரே குழுவில் குவித்து, 2013ல் அதை ஜேடிதியாக இறக்கினார். ஸ்பெயினின் டானி குயிசா, இத்தாலியின் சிமோனே டெல் நெரோ, அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் என்று தொலைக்காட்சியில் பார்த்த முகங்கள் ஜொகூர் பாருவுக்கே வந்தன. அந்த முதல் பருவத்தில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் 0-1 என்று தோற்றோம். நான் அப்போதே அரங்கத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரெய்ட்ஸ் பையன்கள் மேளம் அடித்து நிறுத்தாமல் பாடுவதைக் கேட்டபோது, லோரியில் வந்த பிள்ளை எனக்குள் எழுந்து உட்கார்ந்தாள்.

2014 முதல் 2024-25 பருவம் வரை 11 முறை தொடர்ந்து சூப்பர் லீக் நம்முடையது. இதைக் காட்டித்தான் மற்ற மாநிலத்து நண்பர்கள் எங்களைக் குத்துகிறார்கள். எப்போதும் ஜெயிக்கிற குழுவுக்கு ரசிகராக இருப்பதில் என்ன பற்று இருக்கிறது என்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பணமும் வசதியும் ஒரே பக்கம் குவிந்த லீக்கில் போட்டி குறைந்துவிட்டது என்பதையும் நான் மறுக்க மாட்டேன். உள்ளூர் ஆட்டம் சிலவற்றில் அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் எங்கள் நினைவில் இருப்பது கிண்ணங்களின் எண்ணிக்கை இல்லை. 2015 ஏஎஃப்சி கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காத்சியாவிடம் 1-3 என்று தோற்றிருந்தோம். குவைத் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் இரண்டாவது ஆட்டமே நடக்காமல் இறுதிக்குப் போனோம். தகுதி இல்லாமல் போகிறார்கள் என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில், எதிரணியின் சொந்த ஊரில், லியாண்ட்ரோ வெலாஸ்கேஸ் அடித்த ஒரே கோலால் இஸ்திக்லோல் குழுவை வென்றோம். தென்கிழக்காசியாவில் அந்தக் கிண்ணத்தைத் தொட்ட முதல் குழு நாம். அப்பா அந்த ஆட்டத்தை என் வீட்டு வரவேற்பறையில் முழுதாகப் பார்த்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் பார்த்த முதல் ஜொகூர் ஆட்டம். விசில் ஊதியதும் எழுந்து கைகழுவப் போனவர், வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார். நான் பின்னால் போகவில்லை.

தோல்வியும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். 2022 ஆகஸ்டில் ஜப்பானின் சைத்தாமாவில் உராவாவிடம் 0-5. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமிடம் நம் அரங்கத்திலேயே 0-1. அந்த இரவு வாகன நெரிசலில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்லண்ட்ஸ் பக்கம் மோட்டார் சைக்கிளை விட்டாக வேண்டும். அப்படி இருந்தும் வார நாளில் வந்து, தோற்று, நள்ளிரவுக்கு வீடு போய்ச் சேர்கிறவர்களைக் கிண்ணத்துக்காக வந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

லார்க்கினில் 2019 மே 8 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆசிய வெற்றியாளராக இருந்த ஜப்பானின் காஷிமா எண்ட்லர்ஸ் வந்திருந்தது. நோன்பு தொடங்கிய வாரம். பக்கத்துப் படியில் இருந்த குடும்பம் நோன்பு திறக்கக் கொண்டுவந்த டப்பாவில் பேரீச்சம்பழமும் பலகாரமும் மீதி இருந்தன. அந்த அம்மா என்னிடம் டப்பாவை நீட்டி, "மாக்கான், அக்கா" என்றார். ஷாபிக் அமாட் அடித்த கோலில் 1-0 என்று காஷிமாவை வென்றோம். அந்த அம்மாவும் நானும் பிடித்த கையை விடாமல் கடைசி நிமிஷங்களைக் கடந்தோம். அவர் பெயரை நான் கேட்கவில்லை. இப்போதும் எங்காவது பார்த்தால் இருவருக்கும் அடையாளம் தெரியும். இனத்துக்கு ஒரு பள்ளி, இனத்துக்கு ஒரு கட்சி, இனத்துக்கு ஒரு சாப்பாட்டு மேசை என்று பிரிந்து வாழப் பழகிய நாட்டில், அந்நியப் பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்துக்காக இருவரும் நடுங்குகிற இடம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. சீட்டு விலைக்கு நான் வாங்குவது இதைத்தான்.

"அங்கே ஆடுறவங்க நம்ம ஆளா? நமக்கென்ன?" என்று என் பெரியப்பா மகன் கேட்கிறார். எஸ். குணாளன் பல பருவங்கள் ஜேடிதி சட்டையில் ஓடினார். அவர் ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் அரங்கமே அவர் பெயரைச் சொல்லும். இருந்தாலும் பெரியப்பா மகனின் கேள்வியில் உண்மை உண்டு. தனபாலன், ஆறுமுகம், சந்திரன் என்று தேசியக் குழுவில் நம் பெயர்கள் அடுக்கடுக்காக இருந்த காலம் போய்விட்டது. நம் இளைஞர்களுக்காக மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபா எடுத்த முயற்சியில் வளர்ந்த குழு 2017ல் மலேசியப் பிரிமியர் லீக்கிற்கு ஏறியது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலும் ஆடியது. 2022 முடிவில் அது விலகிக்கொண்டது. அந்தக் குழுவின் ஆட்டங்களில் எத்தனை தமிழர் போய் உட்கார்ந்தோம்? குழு மூடிய பிறகு வாட்ஸ்அப்பில் வருந்தியவர்களில் கால்வாசிப் பேர் சீட்டு வாங்கியிருந்தால் கூட அந்தப் பையன்கள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியிருக்க மாட்டார்கள். நம் பிள்ளை ஆடினால்தான் போவேன் என்று காத்திருப்பதில் பலன் இல்லை. அரங்கத்தைப் பார்க்காத பிள்ளைக்கு அங்கே ஆட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வரும்? ஜேடிதிக்கும் நான் ஒன்று கேட்கிறேன்: இளையோர் தேர்வுகளைத் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் நடத்துங்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நேர்மை ஆகாது. 2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதித்தது. வெளிநாட்டில் பிறந்து நம் தேசியக் குழுவில் சேர்ந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை விதித்தது. அவர்களின் பாட்டன் பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலியானவை என்றது. மேல்முறையீட்டையும் ஃபிஃபாவின் குழு நவம்பரில் தள்ளுபடி செய்தது. அந்த ஏழு பேரில் மூவர் ஜேடிதி ஆட்டக்காரர்கள்.

இந்தச் செய்தி தமிழ் வீடுகளில் எப்படி விழுந்தது என்று மற்றவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. என் பெரியம்மா இந்த மண்ணில் பிறந்தவர். தோட்டத்தில் பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால் சாகும்வரை சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார். பாட்டன் பாட்டி பிறந்த ஊரை எழுத்தில் நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! நம்மவர்களுக்கு அப்படி அரிதாக இருந்த காகிதம் வேறு சிலருக்கு எப்படி அத்தனை சுலபமாகக் கிடைத்தது என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. அந்த வாரம் என் அண்ணன் ஜேடிதி சட்டையை அலமாரியின் அடியில் வைத்துவிட்டார். அப்பா 1995ல் பத்திரிகையை மடித்து வைத்தாரே, அதே கோபம்.

நான் போவதை நிறுத்தவில்லை. அப்பா விலகியபோது லார்க்கினில் அவர் இடம் சும்மா காலியானது. யாரும் அவரைத் தேடவில்லை, அவர் கேள்விக்கு யாரும் பதிலும் சொல்லவில்லை. நான் உள்ளே இருந்துகொண்டே கேட்க விரும்புகிறேன். ஆவணங்களைத் தயாரித்தது யார், சரிபார்த்தது யார், கையெழுத்திட்டது யார் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். குழுவை நேசிக்கிறவர்கள் இதைக் கேட்டால் துரோகம் என்று பேசுகிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஆட்டக்காரர்கள் மாறுவார்கள், பயிற்றுநர்கள் மாறுவார்கள். பிள்ளைகளோடு படியில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இந்தக் குழுவின் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காகக் கவலைப்பட நமக்கு எல்லாரையும்விட அதிக உரிமை உண்டு.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். 2018ல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக் குழு 2025-26 பருவத்தில் ஆடவில்லை, பணம் இல்லை. 2007லும் 2008லும் மூன்று கிண்ணங்களையும் சேர்த்து அள்ளிய கெடாவுக்கு லீக்கில் ஆட அனுமதியே கிடைக்கவில்லை. ஈப்போவில் இருக்கும் என் சின்னம்மா மகன் பேராக்கின் மஞ்சள் கறுப்புச் சட்டையில் தன் மகனைத் தூக்கிக்கொண்டு போவான். இப்போது சனிக்கிழமை எங்கே போவது என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறான். ஜொகூரில் இன்று எல்லாம் செழிப்பாக இருப்பதற்கு துங்குவின் பிடிவாதமும் உழைப்பும் காரணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குழுவின் முழு பாரமும் ஒரே தோளில் இருக்கக்கூடாது. செழிப்பாக இருக்கும்போதே ஆயிரமாயிரம் குடும்பங்கள் தோள் கொடுத்தால்தான், நாளை எந்த நிலை வந்தாலும் குழு நிற்கும். அந்தக் குடும்பங்களில் நம்முடையவையும் இருக்க வேண்டும்.

தூரம் ஒரு தடைதான். லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது, யாரும் போகலாம். 2020ல் திறந்த புதிய அரங்கம் வாழையிலை வடிவத்தில் அழகாக நிற்கிறது. ஆனால் காரில்லாத குடும்பத்துக்கு அங்கே போய் இரவில் திரும்பி வருவது பெரிய பாடு. இதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கோயில் கோயிலாகப் பஸ் பிடிக்கிறோம். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கல்விச் சுற்றுலாவுக்குப் பஸ் பிடிக்கின்றன. பருவத்துக்கு ஒருமுறை ஆட்டத்துக்கும் ஒரு பஸ் பிடிக்கக் கூடாதா? குலாயிலிருந்து ஒன்று, மசாயிலிருந்து ஒன்று, குளுவாங்கிலிருந்து ஒன்று. பெண்பிள்ளைகளையும் ஏற்றுங்கள். தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால் அவர்களையும் கூட்டிவாருங்கள். 1985ஐயும் 1991ஐயும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, போகும் வழியில் நிறைய நேரம் கிடைக்கும்.

என் தொழிற்சாலையில் நான் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பஸ்ஸில் பாதி இருக்கை நிறைந்துவிட்டது. பெரியப்பா மகனும், அந்த லிவர்பூல் பையனும் பட்டியலில் இருக்கிறார்கள்.